காளானுக்கு ஒரு நற்சான்றிதழ்

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, சிராங்கூன் சாலைப் பக்கம் தேயிலைக் காளான் இல்லாத வீடே இல்லை. சீனி போட்ட தேத்தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மேலே தடித்த தோசை மாதிரி அந்தக் காளானை மிதக்கவிட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தால் பத்து நாளில் புளித்துவிடும். குடித்தால் மூட்டுவலி முதல் மாமியார் தொல்லை வரை எல்லாம் தீரும் என்றார்கள்.

யார் வீட்டுக் காளானோ கெட்டுப்போய் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நம்மவர்களுக்குக் குழு போடாமல் தும்மக்கூடத் தெரியாது. எங்கள் நலச் சங்கம் கூடி, காளான்களின் உடல்நிலையைச் சோதிக்க மூவர் குழுவை முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டி நிறைவேற்றியது. ஹனீபா, சுப்பிரமணியம், அப்புறம் சூசைநாதனாகிய நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

விஷயம் தெரிந்தவள் என் மனைவி பிரிஜட். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் கற்றுக்கொண்டவள்.

"மேல வெள்ளையா வழவழன்னு இருக்கணும். கீழ பழுப்பா நூல் தொங்கினா பயப்படாதீங்க, அது சீக்கு இல்ல. மேல பச்சையா, பஞ்சு மாதிரி பூத்திருந்தா அது பூஞ்சை. யோசிக்காம கொட்டிடணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

சங்கத் தலைவர் சேதுபதிதான் நான் வேலை பார்த்த கப்பல் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அங்கே இரண்டாம் கிராணி வேலை காலியாக இருந்தது. பதினோரு வருஷமாக அதற்குத்தான் நான் தவம் கிடந்தேன். சிபாரிசு அவர் கையில்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கத்துக்குப் போனேன். எல்லார் வீட்டு ஜாடிகளும் மேசையில் வரிசையாக இருந்தன; முதல் ஜாடி சேதுபதியுடையது, சரிகைத் துணி கட்டியது. துணியை அவிழ்த்தால் காளானின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பஞ்சு. ஹனீபா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நல்ல செழிப்பா இருக்கு" என்றார் சுப்பிரமணியம்.

'செழிப்பு, மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற ஜாடிகளும் நன்று, நன்று என்று போயின. கடைசியாக இருந்தது பிரிஜட்டின் ஜாடி.

"எல்லாத்தையும் நல்லதுன்னு எழுதினா குழு எதுக்குலா? ஒண்ணாவது சீக்குன்னு இருக்கணும்" என்றார் ஹனீபா.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்தவர் ஜாடியில் கை வைத்தால் சண்டை வரும். 'நூல் தொங்குகிறது. நோயுற்றது. அழிக்கவும்' என்று எழுதினேன். அறிக்கை வாசித்தபோது என் நடுநிலைக்குத் தனியாகக் கைதட்டினார்கள்.

சாயங்காலம் சேதுபதியே தம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிரிஜட் அவரை உட்காரவைத்து, அதிலிருந்தே இரண்டு கிளாஸ் ஊற்றி எங்கள் முன்னால் வைத்தாள். அவர் தம்முடையதைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேணாம்மா. அதுல பூஞ்சை பிடிச்சு ஒரு வாரமாச்சு."

"இவரு நல்லதுன்னு எழுதியிருக்காரே."

"அதுக்குத்தாம்மா வந்தேன். பச்சையைக் கண்ணால பாத்தும் நல்லதுன்னாரு. சொந்த வீட்டு ஜாடியைச் சீக்குன்னாரு. கப்பல்ல அரிசி மூட்டை நனைஞ்சுதான் வரும். காய்ஞ்சதுன்னு எழுத ஒரு கை வேணாமா? நாளைக்கே கடுதாசி வந்துடும்."

அவர் போனார். பதினோரு வருஷம் கேட்ட வேலை கிடைத்துவிட்டது. பிரிஜட் உள்ளே போய்த் தன் ஜாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"அழிக்கணும்னு எழுதினது நீங்கதானே. நீங்களே கொட்டிடுங்க."

பின்னால் சாக்கடையோரம் நின்று கொட்டினேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.