அலை சின்னதாக வரும் வாரம்

அவளுடைய வேலை பல் செய்வது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்கெல்லாம் மெழுகிலும் பீங்கானிலும் பல் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில், ஜன்னலோர மேஜை அவளுடையது. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் கழுத்து பிடித்துக்கொள்ளும். "பாக்கிறதெல்லாம் வாய், ஆனா பேச்சுத்துணைக்கு ஒரு வாய் கிடையாது" என்று கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள், புதுப் பல்லின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க ஒருவரை மருத்துவர் நேரிலேயே அனுப்பியிருந்தார். வங்கியில் வேலை பார்க்கிறவர், தலை பாதி நரைத்திருந்தது. விடுமுறையில் வெளிநாடு போய் அலைச்சறுக்குக் கற்றபோது பலகை முகத்தில் இடித்து முன்பல் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது ஓட்டை தெரிய அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மறுபடியும் போவீங்களா?"

"நீங்க பல்லைக் குடுங்க, அடுத்த லீவுக்கே கிளம்பிடுவேன்."

பல் போனவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசித்தான் அவள் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் கழுத்தைத் தடவிக்கொண்டு வரும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இருபது மாடி ஏறி இறங்குவான், ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்தால் வயிற்றைப் புரட்டும்.

"சர்ஃபிங்கா? உனக்கு நீச்சலே அரைகுறைதானே?"

"அரைகுறைன்னா பாதி தெரியும்னு அர்த்தம்."

"நம்ம ஊர்ல கடலே இல்லையேம்மா."

"அதனாலதான் வெளிநாடுங்கறேன்."

தாராளமாகப் போய் வா, என்னை மட்டும் கூப்பிடாதே என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் தேட ஆரம்பித்தாள். ஒவ்வொரு இடத்தின் செலவும் மற்றதைத் தூக்கிச் சாப்பிட்டது. சேமிப்பு விமானத்துக்கே சரியாகப் போய்விடும் போலிருந்தது; அப்புறம் தங்க அறை, கற்றுக்கொடுக்கிறவர், பலகை வாடகை. இரண்டு வாரத்தில் ஆசை மெல்ல வாடத் தொடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கணவனின் தங்கை வந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைக் 'கறார்' என்றுதான் சொல்வார்கள். பஸ் கம்பெனியில் முன்பதிவு கவுன்ட்டரில் இருப்பவள். கல்யாணம் வேண்டாம் என்பதையும் அந்தக் கவுன்ட்டர் குரலிலேயே சொல்லி, பேச்சை முடித்தவள். அண்ணிக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் இல்லை; சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமும் இல்லை. நல்லது கெட்டதுக்கு ஃபோன், வந்தால் காப்பி, அவ்வளவுதான்.

அண்ணியின் ஃபோனில் திறந்திருந்த பக்கத்தை அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாராவது இந்த மாசத்துல போவாங்களா அண்ணி? ஊரே கிளம்புற சீசன். கொண்டாங்க இங்க."

ஃபோனை வாங்கியவள் காப்பி ஆறும் வரை நிமிரவில்லை. பிறகு அந்தப் பக்கத்தில் இருந்த கடற்கரை அலைச்சறுக்குப் பள்ளிக்கே அழைத்து, அரைகுறை ஆங்கிலத்தில், உங்களிடம் ஆளே வராத வாரம் எது என்று கேட்டாள். அங்கே ஒரு பெண் சிரித்தாள். அலை சின்னதாக வருகிற ஒரு மாதம் உண்டு, பெரிய ஆட்டக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், எல்லாம் பாதி விலை என்றாள்.

"நமக்கு எதுக்குப் பெரிய அலை? சின்னதே நம்மளைப் புரட்டிப் போட்டுடும்" என்றாள் கறார். "பலகையை அங்கயே வாடகைக்கு எடுங்க. ஆளுக்கு ஒரு கைப்பை, அதுக்கு மேல ஒரு துணி கிடையாது. சமையல்கட்டு இருக்கிற ரூம். ஆனா ரெண்டு பேர் தங்கினாத்தான் இந்த ரேட்டு. இன்னொருத்தர் யாரு?"

அண்ணன் சட்டென்று செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

"நான் வரட்டுமா?" என்றாள் கறார். அவள் குரல் அப்படித் தணிந்து அவர்கள் கேட்டதே இல்லை.

சேர விரும்புகிறவர்களுக்கு மிதக்கவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பள்ளி சொல்லியிருந்தது. அங்கேதான் சிக்கல். நகராட்சி நீச்சல் குளத்தின் படியில், இடுப்பளவு தண்ணீரில், கறார் கம்பியை விடாமல் நின்றாள். மல்லாக்கப் படுக்கச் சொன்னால் உடம்பு மரக்கட்டையாக விறைத்தது. மரக்கட்டையாவது மிதக்கும், இவள் நேரே அடியில் போனாள். மூன்றாவது வாரமும் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே படியில் உட்கார்ந்தாள்.

"நான் வரல அண்ணி. டிக்கெட்டை மாத்திடலாம். எனக்கு இதெல்லாம் ஒத்து வராது."

கண் சிவந்திருந்தது. அது குளோரினால் மட்டும் இல்லை என்று அண்ணிக்குப் புரிந்தது.

"கடைசியா ஒரே ஒரு தடவை. முதுகுக்கு அடியில என் கை இருக்கும், எடுக்க மாட்டேன்" என்றாள்.

கறார் படுத்தாள். அந்த நேரம் பார்த்துக் குளத்துக் காவலர் வந்து, உங்கள் நேரம் முடிந்தது, மேலே வாருங்கள் என்றார்.

"எப்படி முடியும்? எங்க சீட்டுல எட்டு வரைக்கும்னு போட்டிருக்கு. சுவத்துல இருக்கிற உங்க கடிகாரம் முன்னால ஓடுது. போன வாரமும் இதையேதான் சொன்னீங்க…" வானத்தைப் பார்த்தபடி அவள் பொரிந்து தள்ளினாள். காவலர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அண்ணி இரண்டு கைகளையும் மெல்லத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"சார், கொஞ்சம் இருங்க. நீங்க சண்டையை விட்டுடாதீங்க" என்றாள் அவரிடம்.

கறார் அப்போதுதான் கவனித்தாள். கவனித்ததும் மூழ்கினாள். ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒத்திகை. மெத்தையைத் தரையில் போட்டு, குப்புறப் படுத்து, ஒரே துள்ளலில் எழுந்து நிற்க வேண்டும். கணவன் சோபாவில் உட்கார்ந்து மார்க் போட்டான். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "பீரோ நகத்துறீங்களா? நான் வேணா ஒரு கை புடிக்கட்டுமா?" என்று கரிசனமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அறை தீப்பெட்டி மாதிரி. அடுக்குக் கட்டில், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. மறுநாள் காலை மணலில் நின்றபோதுதான் ஆளே வராத வாரத்துக்கு யார் வருவார்கள் என்று தெரிந்தது. வகுப்பில் இவர்களைத் தவிர எல்லோரும் பால்பல் விழுகிற வயதுப் பிள்ளைகள்.

"அண்ணி, நம்மளை ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டாங்க."

"அந்தப் பொண்ணுக்குக் கீழ்ப்பல் ரெண்டும் ஆடுது பாரு" என்றாள் அண்ணி.

மூக்குத்தோல் உரிந்த ஆசிரியை எல்லோருக்கும் மேலே மெத்தென்றிருக்கும் நீளமான பலகை கொடுத்தாள். முதல் நாள் முழுக்க விழுந்தார்கள். குடித்த உப்புத் தண்ணீரில் ஒரு குழம்பே வைக்கலாம். இரண்டாம் நாள் கறார் பலகை மேல் எழுந்து நின்றுவிட்டாள். கை இரண்டையும் விரித்து, கரை வரை வந்தாள். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அண்ணியும் கை தட்டினாள். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஆசைப்பட்டது நான், நின்றது அவள். அன்று மதியம் துண்டைப் போர்த்திக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கறார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவமா அண்ணி?"

"ஆமா."

"சரி, இருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க எந்திரிக்கும்போது காலையே பாக்குறீங்க. பல்லுக்கு முன்னால குனியற மாதிரியே. அந்த டீச்சரம்மா நிமிருன்னு தாடையைத் தட்டித் தட்டிக் காட்டுறாங்க, உங்களுக்குத்தான் புரியல."

மறுநாளும் அண்ணி விழுந்தாள். கடைசி நாளில்தான் அது நடந்தது. பின்னாலிருந்து அலை பலகையைத் தள்ளியது. "அண்ணி, நிமிருங்க! என்னைப் பாருங்க!" என்று கரையிலிருந்து கவுன்ட்டர் குரல் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். கறாரின் கோணல் தொப்பி தெரிந்தது, அதன் பின்னால் வெயில் பட்ட வீடுகள் தெரிந்தன, கால் தானாக ஊன்றிக்கொண்டது. கடல் அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தன் வாயிலிருந்து வரும் சத்தம் தன்னுடையதுதானா என்றே அவளுக்குத் தெரியவில்லை. முழங்கால் ஆழத்தில் பலகை தரை தட்டி, அவள் தலைகுப்புற விழுந்தாள். எழுந்ததும் மறுபடி கடலை நோக்கி ஓடினாள்.

சாயங்காலம் இருவரும் அறையில் கீழ்க்கட்டிலில் சாய்ந்துகிடந்தார்கள். தோளுக்கு மேல் கை எழவில்லை. கறார் தலையைத் துவட்டப் பார்த்து, பாதியில் துண்டைப் போட்டுவிட்டாள். ரொட்டி மடியில் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"நீங்க எனக்கு ஊட்டுங்க, நான் உங்களுக்கு ஊட்டுறேன்" என்றாள்.

"அதுக்கும் கையைத் தூக்கணுமேடி."

முதல் முறையாக 'டி' போட்டுவிட்டாள். இருவரும் அதைக் கவனித்தார்கள். கறார் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் விலாவும் வலித்தது. கடைசியில் இருவரும் மடியை நோக்கிக் குனிந்து, ரொட்டியை வாயால் கவ்வித் தின்றார்கள்.