ஒரு சாண் கரை

சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினால் முதலில் எரிவது கணுக்கால்தான். பழகிவிடும் என்பார்கள், இருபது வருஷமாகப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். 2001, ஐப்பசி மாசம். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பில் கிழக்கு வெளுக்கும் நேரம். ஊறிக் கனத்த தோலைக் கொக்கியால் இழுத்து மேலே எறிந்தேன். வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த ரங்கம்மாக்காவின் கை சட்டென்று நின்றது.

“இருதயம், மலையப் பாரு.”

மேற்கே, ஆறு இறங்கி வரும் திசையில், மலை அடியோடு கறுத்திருந்தது. நான் தொட்டியை விட்டு மேலே ஏறினேன்.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் மழை பிடித்து ஆற்றில் வெள்ளம் இரைந்தால், கழிவுத் தொட்டியின் மடையைத் திறந்துவிடுவார்கள். வெள்ளம் மூன்று நாள் ஓடும், எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், கேட்பாரில்லை. மடையைத் திருகும் முழங்கை நீளச் சாவி என் பொறுப்பு, எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். போன வருஷமும் நான்தான் திறந்தேன். ஆனால் மழை இப்போது பழைய மழையா என்ன? மாசக்கணக்கில் ஏய்த்துவிட்டு ஒரே நாளில் கொட்டுகிறது. மொட்டை மலையில் நிற்காமல் உருண்டு வருகிறது. மேலே வரிசையாகத் தடுப்பணைகள் வேறு. போன வருஷம் நான் திறந்த அன்றைக்கு வெள்ளம் ஒரே மணி நேரத்தில் நின்றுபோனது. நான் திறந்துவிட்ட கறுப்புத் தண்ணீர் ஆற்று மணலிலேயே தங்கிவிட்டது.

அந்த மணலில் எங்கள் காலனிக்கு இரண்டு குடிதண்ணீர்க் கிணறுகள் இருந்தன. ஒன்று செத்தது. பாவி, நான்தான் கொன்றேன். ரங்கம்மாக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார். இருநூறு குடும்பத்துக்கும் இப்போது அது ஒன்றுதான்.

முதலாளி சத்தியநாதன் காரை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

“இருதயராஜு! இன்னா வேடிக்கை பாக்கறே? மடையத் திற.”

“வேணாம் சார். வெள்ளம் பாதியிலேயே நின்னுடும். இருக்கிற ஒரு கெணறும் போய்டும்.”

“அதுக்கு நானா பொறுப்பு? மேல இருக்கிறவன் அணையக் கட்டித் தண்ணிய மடக்கிட்டான். அவனப் போய்க் கேளு.”

தோல் சீவிக்கொண்டிருந்த மஹ்பூபி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அவன் மடக்கினா தப்பு. நாம கீழ இருக்கிறவங்களுக்கு வெசத்த விட்டா மட்டும் நாயமா சார்?”

“கழிவுத் தொட்டி ரொம்பி நிக்குது. மழை பேஞ்சா தானா வழியும். அப்போ இன்னா பண்ணுவே?”

“தோல் கழுவற டிரம்ம நிறுத்துங்க. லாரியக் கூப்பிட்டு சுத்திகரிப்புக்கு அனுப்புங்க,” என்றேன்.

“ஆர்டர் நிக்கும்போது டிரம்ம நிறுத்தறதா? ஷாப்பையே பூட்டிடுவேன். சோத்துக்கு இன்னா பண்ணுவீங்கன்னு யோசிச்சுக்கோங்க. சாவியக் கொடு, நானே திறக்கிறேன்.”

பயந்தேன். பொய் சொல்வானேன்? என் வீட்டில் உலை கொதிப்பது இந்தக் கூலியில்தான். கை தானாகச் சாவியை நீட்டப் போனது.

“இருதயம்,” என்றார் ரங்கம்மாக்கா. “போன வருசம் உன்ன நான் ஒண்ணும் கேக்கல. இப்போ கேக்கறேன்.”

அவ்வளவுதான். சாவியைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டேன். வெள்ளைத் தண்ணீர் மூடிக்கொண்டது.

“எறங்கி எடுத்துக்கோங்க சார்.”

அவர் தொட்டியைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். “எவனாவது எறங்குங்கடா!” என்று கத்தினார். முப்பது பேர் சுற்றி நின்றோம். ஒருவரும் அசையவில்லை. பின்பக்கம் டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருஷத்தில் ஷாப்பு அப்படி ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

“கேட்டைப் பூட்டு! ஒருத்தனுக்கும் நாளைலேந்து வேலை கிடையாது!” வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அவர் போன் பண்ண உள்ளே போனார். போலீசுக்கோ யாருக்கோ, தெரியாது.

முதல் துளி என் தோளில் விழுந்தது. கழிவுத் தொட்டி வழிய இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. மேற்கே ஆறு இரையத் தொடங்கியது. மஹ்பூபி காலி உப்புச் சாக்குகளை அள்ளிவந்து போட்டாள். ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தோம். மண் நிரப்பிக் கட்டி, வரிசையாக நின்று, தொட்டிக் கரைமேல் ஏற்றினோம்.

மழை வலுத்தது. தொட்டியும் ஏறியது.

“இன்னும் ஒரு வரிசை,” என்றார் ரங்கம்மாக்கா. மூட்டை கைமாறி வந்துகொண்டே இருந்தது.