மூணு தண்ணி அலசுன நாரு

இந்தியப் பெண்களின் பொருளாதார விடுதலை எப்போதும்வென்றான் ஊருக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமத்துச் சமுதாயக் கூடத்தில்தான் தொடங்கப்போகிறது என்று பெரிய எழுத்தில் அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தவள் விடிவெள்ளி மகளிர் குழுவின் தலைவி மேரிராணி. அறிவிப்பு இருந்தது பேனரில். சுவரில் ஆணி இறங்காததால் விடுதலையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை மின்விசிறியின் இறக்கையிலும் கட்டியிருந்தார்கள். ஆகவே விடுதலை நாளன்று ஃபேன் போட வழியில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடை அது. வானம் தொடர்ந்து ஏமாற்றியதில் காட்டு வேலை அற்றுப்போய், பெண்கள் வீட்டிலிருந்தே கோவில்பட்டிக் கம்பெனிகளுக்குத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனம் இந்துஜா என்கிற பெண்ணை அனுப்பி, கற்றாழை நாரில் கைப்பை செய்யக் கற்றுக்கொடுத்தது. மணியாச்சி ரயில் பாதையோரத்துக் கற்றாழையை வெட்டி, மட்டையைச் சீவி, நாரை உரித்து, பின்னிப் பழகினார்கள். பயிற்சியின் நிறைவு விழாவுக்குத் திட்ட அதிகாரி வருகிறார். பிடித்துப்போனால் மதுரையில் நடக்கப்போகிற மகளிர் குழு மாநாட்டுக்கு வேண்டிய பைகள் அத்தனையும் இந்தக் குழுவுக்கே. தீப்பெட்டிப் பசையிலிருந்து விரல்கள் விடுபடும். அந்த ஒரு ஆர்டருக்காகத்தான் எல்லாம்.

இந்துஜா முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. "அக்கா, கத்தாழைப் பாலு பொல்லாதது. மூணு தண்ணி அலசணும். ஒரு தண்ணி கொறைஞ்சாலும் தோலைப் புடுங்கிரும்."

விழா நெருங்கியதும் அதற்காகவே அந்த நிறுவனம் ஒரு லாரித் தண்ணீரும் அனுப்பியது. குடிக்கிற தண்ணீருக்கே குடம் வரிசையில் கிடக்கிற ஊரில், நாரை அலச ஒரு லாரி. பெண்கள் அதைச் சுற்றி நின்று, சப்பரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

முதல் தண்ணி அலசி முடிந்ததும் மேரிராணி கூடத்துக்குள் எட்டிப்பார்த்தாள். தரையில் ஆட்டுப் புழுக்கையும் கரிசல் தூசியும். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மிச்சத் தண்ணிய இங்கன கொண்டாங்க. தரையைக் கழுவணும். வாசத்தெளிச்சு விடணும். ஜீப்பு வாரப்ப புழுதி கிளம்புனா அவிய சேலை என்னத்துக்கு ஆகும்?"

"ஏட்டி ராணி, நாரு இன்னும் கொழகொழன்னு கெடக்குது. எங்கையைப் பாரு, தடிச்சுப்போச்சு" என்றாள் சுந்தரம்மாள். குழுவில் மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"காய்ஞ்சா சரியாயிரும்க்கா. இந்துஜா டீச்சர் ஊருக்குப் போயிருக்கு. வந்தா மூணு தண்ணின்னே சொல்லுங்க."

"நாரு கேட்டுக்கிடுமா அதை?"

மேரிராணிக்குக் காது கேட்கவில்லை. அதிகாரி உட்காருகிற நாற்காலிக்கு நாரிலேயே ஒரு குஷன் தைக்கிற யோசனை அவளுக்கு அப்போதுதான் உதித்திருந்தது. நடுவில் தாமரைப்பூ வேறு.

விழாவன்று அதிகாரி அம்மா இறங்கி வந்து, பூவைப் பார்த்துச் சிரித்து, குஷனைத் தடவினார். "கத்தாழை அரிக்கும்னு சொல்வாங்களே?"

"மூணு தண்ணி அலசுனது மேடம்" என்றாள் மேரிராணி. முந்தின ராத்திரிதான் ஊர் திரும்பியிருந்த இந்துஜா அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டினாள். சுந்தரம்மாள் மேலே கட்டியிருந்த பேனரைப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இறைவணக்கம் முடிவதற்குள் அதிகாரி இரண்டு முறை நகர்ந்து உட்கார்ந்தார். வரவேற்புரையில் மேரிராணி "இயற்கை நார் உடம்புக்கு இதமானது" என்ற இடத்துக்கு வந்தபோது அவர் எழுந்தே விட்டார். நிகழ்ச்சி நிரலில் அவர் பேச இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் மைக்கை வாங்கி, நின்றபடி நெடுநேரம் பேசினார். இவ்வளவு பேசும் அதிகாரியைப் பார்த்ததில்லை என்று ஊர் வியந்தது. பேச்சு தீர்ந்தது. நாற்காலி காத்திருந்தது.

"என்னம்மா, நிஜமா மூணு தண்ணிதானா?" என்று அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

மேரிராணியின் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது. "டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரிதான் செஞ்சோம் மேடம்."

எல்லோரும் இந்துஜாவைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மேரிராணியையே பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது மேரிராணிக்கு.

"அப்போ ட்ரெய்னிங்லதான் கோளாறு. ஆளை மாத்தச் சொல்லணும்" என்றார் அதிகாரி.

"கோளாறு ஒண்ணும் இல்ல மேடம்" என்று மேரிராணி குறுக்கே விழுந்தாள். "வெக்கைக்கு அப்படி இருக்கும். ஃபேன் வேற இல்லியா. நான் உக்காந்து காட்டுதேன் பாருங்க."

உட்கார்ந்தாள். மெல்லிசான நைலக்ஸ் சேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்மி அடிக்கத் தொடங்கினார்கள். முதல் சுற்று வரை அவள் சிரித்த முகமாக இருந்தாள். இரண்டாவது சுற்றில் கன்னம் துடித்தது. அதிகாரி கும்மியைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சுந்தரம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எப்படிட்டி இருக்கு தாமரைப்பூ?"

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் நெளியுத."

பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். இந்துஜா மட்டும் சிரிக்காமல் தன் பையில் பயிற்சிச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஊரை விட்டுப் போகிறவள் மாதிரி.

மேரிராணி எழுந்துவிட்டாள். எழுப்பியது மனச்சாட்சிதான் என்று பிற்பாடு அவள் சொல்லிக்கொண்டாள். எழுப்பிய இடம் வேறு.

"ஒரு தண்ணிதான் மேடம். டீச்சர் மூணுன்னுதான் சொல்லுச்சு. மிச்சத் தண்ணிய வச்சு நாந்தான் இந்தத் தரையைக் கழுவுனேன். நீங்க வருதீங்கன்னு."

அதிகாரி தரையைப் பார்த்தார். கும்மி அடித்த கால்களின் கரிசல் தூசியில் கழுவின அடையாளமே இல்லை.

"இதுக்கா?" என்றார்.

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருக்கலாம். மூன்று தண்ணீர் அலசிய நாரில் பின்னிய பை ஒன்றை இந்துஜா கையில் கொடுத்தனுப்பச் சொன்னார். ஆர்டர் அதைப் பார்த்த பிறகுதான். தலைவி வர வேண்டாம் என்றும் சொன்னார். தண்ணீருக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் வீட்டுக் குடத்திலிருந்துதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எங்க வீட்டுக் குடத்தையும் எடுத்துக்கோங்க டீச்சர்" என்றாள் மேரிராணி, முகத்தைப் பார்க்காமல். இந்துஜா சரி என்று மட்டும் சொன்னாள். அக்கா என்று சேர்க்கவில்லை.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அதிகாரியும் மேரிராணியும் பின்னால் நின்றார்கள். மேரிராணியின் வலது கை சேலைக்குப் பின்புறம் இருந்தது.