ஐந்தாவது ஏன்

ஓசூர் சிப்காட்டில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் யாருக்கு அடிபட்டாலும் 'ஏன்' கூட்டம் நடக்கும். ஐந்து முறை ஏன் என்று கேட்டால் உண்மைக் காரணம் வந்துவிடும் என்பது அங்கே விதி. காரணத்துக்குக் கீழே ஒரு பெயர் எழுத வேண்டும். பெயர் வந்தவருக்கு மெமோ.

இம்முறை அடிபட்டவள் பொற்கொடி. பிரஸ் மெஷினில் வேலை. ஸ்டூலைவிட்டு எழுந்தபோது கால் வழுக்கியது. விழுந்தாள் என்பதைவிட உட்கார்ந்தாள் என்று சொல்லலாம். கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது.

பாதுகாப்பு அதிகாரி ஹரீஷ்குமார் போர்டின் முன் நின்றான். பெங்களூரிலிருந்து தினமும் வந்துபோகிறவன்.

"கை ஏன் ஒடஞ்சுது?"

"ஊனினேன் சார்" என்றாள் பொற்கொடி. மாவுக்கட்டு மேஜைமேல் இருந்தது.

"ஏன் ஊனினீங்க?"

"வழுக்குச்சு."

"ஏன் வழுக்குச்சு?"

எல்லோரும் சென்னகிருஷ்ணனைப் பார்த்தார்கள். மெஷினுக்கு எண்ணெய் விடுவதும் தரை துடைப்பதும் அவர் வேலை.

"நான் தொடச்சேன் சார். அந்தத் தரையில சோறு போட்டுத் திங்கலாம்."

"கேன்டீன்ல தட்டு இருக்குதுண்ணா" என்றார் சூப்பர்வைசர் தங்கதுரை. சிரிப்பு எழுந்தது.

சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே ஒரு மெமோ உண்டு. இன்னொன்று வந்தால் வேலை போய்ச் சொந்த ஊரான கெலமங்கலத்துக்கே போய்விட வேண்டியதுதான்.

ஹரீஷ்குமார் 'எண்ணெய்' என்று எழுதத் தொடங்கினான்.

பொற்கொடிக்குக் காரணம் தெரியும். கட்டுப் போட்ட டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ரொம்ப வருஷமாக ஏதாவது மாத்திரை உண்டா? வலிப்பு மாத்திரை, பள்ளிக்கூட நாளிலிருந்து, என்றாள். சில வலிப்பு மாத்திரைகள் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் டி குறையும், எலும்பு மெலியும் என்றார் அவர். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிரஸ்ஸில் விடமாட்டார்கள்.

"சார், எண்ணெய வுடுங்க" என்றாள். "வழுக்குனதுக்கே ஏன் ஒடஞ்சுது, அதக் கேளுங்க. மத்தவங்கன்னா எழுந்து தூசி தட்டிட்டுப் போயிருப்பாங்க."

"சரி. ஏன் ஒடஞ்சுது?"

"எலும்பு மெலிசு."

"ஏன் மெலிசு?"

"வலிப்பு மாத்திரை சாப்பிடறேன்."

ஹரீஷ்குமார் போர்டில் 'எண்ணெய்' என்பதை அழித்தான்.

"இத்தன வருஷமா எங்கிட்டயே சொல்லலியே" என்றார் தங்கதுரை.

"சொல்லியிருந்தா பிரஸ்ல வுட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

ஹரீஷ்குமார் பேனாவைத் தூக்கினான். "ஏன் மாத்திரை?"

"சார், அஞ்சு முடிஞ்சுபோச்சு."

அவன் எண்ணிப் பார்த்தான். முடிந்துவிட்டது. "இப்ப யார் பேர் எழுதறது அக்கா?"

"என் பேரையே எழுதுங்க. டாக்டர் கால்சியம் குடுத்திருக்காரு, வைட்டமின் டி குடுத்திருக்காரு. அதுக்கு நான்தான பொறுப்பு."

எழுதினான். மாத்திரை சாப்பிட்டதற்கு யாருக்கும் மெமோ தர முடியாது என்றும் தானாகவே சொன்னான். ஆனால் தங்கதுரை விடவில்லை.

"கை சேந்ததும் இன்ஸ்பெக்ஷன் டேபிள்ல உக்காரு. நரம்பு டாக்டர் லெட்டர் குடுத்தா பிரஸ் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் கேக்காத."

பயந்தது நடந்துவிட்டது. பொற்கொடி தலையாட்டினாள். பசித்தது.

வெளியே வந்ததும் சென்னகிருஷ்ணன் பின்னாலேயே வந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காத. தரையில கொஞ்சம் எண்ணெய் இருந்துது."

"தெரியும்ணா. என் ஷூ பூரா எண்ணெய்தான்."

அவர் குனிந்து அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நிக்காதீங்க, போய்த் தொடைங்க. நாளைக்கு அந்த ஸ்டூல்ல உக்காரப்போறது தங்கதுரை சாரோட மச்சினிச்சி."

சென்னகிருஷ்ணன் ஓடினார்.