ஒத்திகை வெள்ளம்

வெள்ள ஒத்திகைக்கு சைரன் ஒலித்தபோதெல்லாம் தையல்காரியின் வீட்டுக்குள் மட்டும் நிஜமாகவே வெள்ளம் வந்தது. ஆற்றோரத் தெருவின் மற்ற வாசல்கள் காய்ந்து கிடக்க, இவள் வீட்டில் மட்டும் கதவிடுக்கு வழியாகக் கலங்கல் தண்ணீர் நுழைந்து, துணி வெட்டும் மேசையின் கால்களை மூடி, சக்கர நாற்காலியில் இருந்தவளின் மடி வரை ஏறும். சைரன் நின்றதும் வந்த வழியே வடிந்துவிடும். தரையில் ஈரம்கூட மிஞ்சாது, அவள் மட்டும் தொப்பலாக நனைந்திருப்பாள்.

நடக்க முடியாதவர்களைக் காப்பாற்றவும் திட்டம் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததால்தான் அந்த ஒத்திகையே தொடங்கியது. தெருவில் நடக்க முடியாதவள் தையல்காரி ஒருத்திதான். நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் மாடிக்கு ஏற வேண்டும், தலைமை அவளுடைய தம்பி. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில் என்பதால் அந்தப் பொறுப்பு தானாகவே அவன் தலையில் விழுந்தது. ஒத்திகை நாளில், வெயிலில் அவளை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று அதிகாரி இரக்கப்பட்டார். அந்த இரக்கம்தான் வினையாகப் போயிற்று. அவள் சட்டை மாட்டிவைக்கும் பஞ்சுப் பொம்மையை வேறொரு நாற்காலியில் கட்டித் தூக்கிப் போனார்கள். மாடிப்படித் திருப்பத்தில் தம்பி அதை பீரோவைப் போல ஒருக்களித்துச் சாய்த்து லாவகமாகத் திருப்பினான். பொம்மை முனகவில்லை. அதிகாரி கைதட்டினார். அதன்பிறகு வருடா வருடம் பொம்மைதான் காப்பாற்றப்பட்டது.

முதல் வருடம் பொம்மையைத் திருப்பிக் கொடுக்க வந்த தம்பி, அக்காவின் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தான்.

"என்னக்கா, இந்நேரத்துல துணி துவைச்சியா?"

"வெள்ளம் வந்துச்சுடா. சைரன் நின்னதும் போயிடுச்சு."

"நல்லா கதை விடுற. தரை காஞ்சு கெடக்கு பாரு."

அவள் அதோடு விடவில்லை. தண்ணீர் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போயிற்று. இடுப்பைத் தாண்டி மார்புக்கு வந்த வருடம் அவள் பயந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை பொம்மைக்குப் பதிலா என்னைத் தூக்கிட்டுப் போடா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அவன் சிரித்தான். "பீரோவையே மாடி ஏத்துறவன் நான். நாளைக்கு நெஜமாவே வெள்ளம் வந்தா உன்னை விட்டுட்டா போயிடுவேன்?" அதை அவன் மனதாரத்தான் சொன்னான். அவனுக்கு அவளைவிட்டால் வேறு யாரும் இல்லை.

ஆறு கரையை உடைத்த நாளன்று, பள்ளிக்கூட மொட்டைமாடியில் சைரன் விடாமல் ஒலிக்க, தம்பி கொடுத்த வாக்குப்படி நால்வரும் வந்து நின்றார்கள். முதல் தடவையாக அவளை நாற்காலியோடு தூக்கியபோது நால்வருக்குமே மூச்சு வாங்கியது, ஆனாலும் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய்விட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில் தம்பியின் கைகள் பழக்க தோஷத்தில் நாற்காலியை ஒருக்களித்துச் சாய்த்தன. அவள் அலறிக்கொண்டு சரிந்தாள். சக்கரத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே அவளுடைய கால் மாட்டிக்கொண்டது, நாற்காலி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கீழே இருந்து கூட்டம் நெருக்கியது. பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் அவள் மேல் ஏறிக் கடந்தார்கள். அந்த நெரிசல் மற்ற மூன்று பேரையும் மேலே தள்ளிக்கொண்டு போய்விட, கடைசியில் தம்பியும் அவளும் மட்டுமே மிஞ்சினார்கள். தண்ணீர் படிப்படியாக ஏறி வந்தது.

"மொட்டைமாடிக்குப் போய் சைரனை நிறுத்தச் சொல்லு."

"உன்னை இப்படி விட்டுட்டா?"

"நிறுத்துனா வடிஞ்சிடும். போடா."

அவன் போகவில்லை. கம்பியை வளைக்கப் பார்த்தான், சக்கரத்தை உதைத்தான், கையில் ரத்தம் வழிந்தது. தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தபோது அவள் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் சொன்னதை ஒரு தடவையாவது நம்பேன்டா."

அவன் ஓடினான். இன்னும் வந்து சேராதவர்கள் இருக்கும்போது சைரனை எப்படி நிறுத்துவது என்று அதிகாரி கேட்டார், நியாயமான கேள்விதான். தம்பி அவரைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிடுங்கினான். இறங்கி வந்தபோது தெருவில் தண்ணீர் கூரைமட்டத்துக்கு நின்றது, திருப்பத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. கீழ்ப்படியின் விளிம்போடு வெள்ளம் சுவர்போல நின்றுவிட்டிருக்க, காய்ந்த தளத்தில், காய்ந்த நாற்காலியில் அவள் நனைந்தபடி அண்ணாந்து கிடந்தாள். மூச்சு இல்லை. உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. அவள் முதலில் சொன்னபோதே போயிருந்தால் பிழைத்திருப்பாள். இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பள்ளிக்கூடத்தின் படிக்கட்டை இடித்து அந்த இடத்தில் அகலமான சாய்தளம் கட்டினார்கள். தம்பி அக்காவின் வீட்டுக்கே குடிவந்துவிட்டான். ஒத்திகை இன்றும் வருடம் தவறாமல் நடக்கிறது, அன்று தெருவே மாடிக்கு ஏறுகிறது, அவன் மட்டும் ஏறுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய வெட்டு மேசையருகே உட்கார்ந்துவிடுகிறான். தண்ணீர் வருகிறது. அவன் நெஞ்சு வரை ஏறுகிறது, எழுந்து நிற்கக் கால்கள் இருந்தும் அவன் எழுந்திருப்பதில்லை. மொட்டைமாடியில் சைரனுக்குப் பொறுப்பானவருக்கு அவன் உள்ளே இருப்பது தெரியும். அதனால் இப்போதெல்லாம் அவர் அதிக நேரம் ஒலிக்கவிடுவதில்லை.