வெளிநாட்டார் சங்கம் கட்டிய பந்தல்

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவளைக் கொண்டுபோய்க் கண்டி வெளிநாட்டார் நட்புச் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். முதலில் சிரித்தவர் அவளுடைய புருஷன் கறுப்பையா.

"வெள்ளக்காரன் சங்கத்துக்கு நம்ம சுந்தரி தலைவியா? அப்ப நான் யாரு, கவர்னரா?"

"நீங்க இந்த நாட்டு ஆளு. ஒங்களுக்கு அங்க எடமில்ல. பேசாம வெங்காயத்த உரிங்க" என்றாள் சுந்தரி.

அவள் சொன்னது நியாயம்தான். பிறந்தது இங்கே என்றாலும், விவரம் தெரியாத வயதிலேயே அப்பனும் ஆத்தாளும் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கோத்தகிரியில் வளர்ந்தாள். இங்கேயே தங்கிவிட்ட மாமன் மகன் கறுப்பையா பெண் கேட்டு வந்து, கட்டி, குண்டசாலைக்குக் கூட்டிவந்தார். ஊருக்குத் திரும்பி வந்தாயிற்று, கையில் இருந்ததோ இந்தியப் பாஸ்போர்ட். வருஷா வருஷம் கொழும்புக்குப் போய் விசா வரிசையில் நின்று, "இன்னும் ஒரு வருஷம் இருந்துக்க" என்று முத்திரை வாங்கிவர வேண்டும்.

கறுப்பையா நகரசபையில் ரோட்டு வேலை செய்து முழங்கால் தேய்ந்து ஓய்ந்த மனிதர். சுந்தரி, யுமிகோ அம்மாவின் சின்ன கெஸ்ட்ஹவுசில் சமையல். யுமிகோ ஜப்பான்காரி, இங்கே ஒருவரைக் கலியாணம் செய்து, அவரும் போய்ச் சேர்ந்துவிட, ஊரை விட்டுப் போக மனமில்லாமல் இருந்துவிட்டவள். இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டும் நொண்டிச் சிங்களம். ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு எப்படியோ நடந்துவிடும்.

சங்கம் ஒரு காலத்தில் நன்றாக இருந்ததுதான். மாதாகோயிலுக்குப் பின்னால் ஓர் அறை. மாதம் ஒருமுறை கூடி, கோப்பி குடித்து, கேக் தின்று, படித்த புத்தகத்தை மாற்றிக்கொண்டு போவார்கள். கொரோனா வந்தது, பிறகு பெற்றோலும் காஸும் இல்லாத வருஷம் வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராய்ப் பெட்டியைக் கட்டினார்கள். கடைசியில் மிஞ்சியது யுமிகோவும் தலைவர் உல்ரிக்கும்தான்.

உல்ரிக் ஜெர்மன்காரர். தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட வந்து, லயத்துச் சனங்களிடம் தமிழ் பழகி, குழாய் துருப்பிடித்த பிறகும் போகாமல் இருந்தவர். மரியாதைத் தமிழ் மட்டும்தான் அவருக்கு வரும். தன் வீட்டு நாய்களைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்றுதான் கூப்பிடுவார். தனிக்கட்டை. குண்டசாலையில், சுந்தரி குடியிருக்கும் சின்னத் தெருவின், அந்த ஒழுங்கையின், மேல் முனையில் வீடு.

சங்கத்தை மூடக் கூட்டிய கடைசிக் கூட்டத்துக்குத் தேத்தண்ணீர்ப் போத்தல் தூக்கத்தான் சுந்தரி போனாள்.

"அறையைத் தையல் வகுப்புக்குக் கேக்கிறார் ஃபாதர். குடுத்துருவோம்" என்றார் உல்ரிக். "ஆள் இல்லாத சங்கத்துக்கு அறை எதுக்குங்க?"

யுமிகோ சுந்தரியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டாள். "இவளும் வெளிநாட்டுக்காரி. இவளிடம் விசா இருக்கிறது."

உல்ரிக் கண்ணாடியைத் தூக்கிச் சுந்தரியைப் பார்த்தார். ஒரே ஒழுங்கையில் இத்தனை காலம் இருந்தும் அது அவருக்குத் தெரியாது.

"அப்படிங்களா? அப்ப நீங்களே தலைவரா இருந்து காட்டுங்க. வருஷக் கடைசி வரைக்கும் அறையை வச்சிருக்கச் சொல்றேன்."

பாதி கேலியாகத்தான் சொன்னார். சுந்தரி அதை முழுசாக எடுத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. ஒழுங்கையில் ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. சாவு விழுந்தால் பந்தல், உட்காரக் கதிரை, வெள்ளைக்கொடி, தேத்தண்ணீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சொந்தக்காரர் அழுதால் போதும். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்தான் அங்கத்தவராகலாம். கறுப்பையாவின் பெண்சாதி என்ற வகையில்தான் அவளுக்கு அங்கே இடம். அவருக்கோ மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகுட்டி இல்லை. அவர் முந்திக்கொண்டால், அப்புறம் அவளுக்கென்று ஒரு கதிரை தூக்கி வர ஆள் இல்லை. அந்த நினைப்பு, செருப்புக்குள் விழுந்த கல்போல அவளோடு கூடவே நடந்தது.

வெளிநாட்டார் என்றால் வெள்ளைத் தோல் என்று அந்தச் சங்கம் அதுவரை நினைத்திருந்தது. விசா வரிசையில் நின்றவளுக்கு அப்படித் தோன்றுமா? கண்டி நகைப் பட்டறையில் வேலை செய்யும் கோயம்புத்தூர் ஸ்ரீதரன், ஹோட்டலில் அடுப்படியில் நிற்கும் நேபாளத்துக்காரர், டைல்ஸ் பதிக்கிற இந்தியப் பையன்கள், முதியோர் இல்லத்துப் பிலிப்பைன்ஸ் சிஸ்டர் எல்லாரையும் அவளுக்கு அந்த வரிசையில் தெரியும். ஒவ்வொருவராய்த் தேடிப் போனாள்.

ஸ்ரீதரன் ஊதுகுழலை வைத்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க்கா, சேர்ந்தா என்னங்க்கா தருவீங்க? கேக்குங்களா?"

சுந்தரிக்குத் தெரிந்தது ஒரே வகைச் சங்கம்தான். யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"செத்தா நாங்க வருவோம்."

"அட சாமி! எனக்கு இன்னும் கலியாணமே ஆகலைங்க்கா!"

"ஆனாலும் சாவத்தானே போற?"

ஸ்ரீதரன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. போன வருஷம் அவன் அறைக்கூட்டாளி ஒருவன் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழும்பவில்லை. உடம்பைக் கேட்டு வாங்க ஆளில்லை. யார் கையெழுத்துப் போடுவது என்று முதலாளியும் ஆஸ்பத்திரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பூ வாங்கிப் போடக்கூட நாதியில்லை.

"எழுதுங்க்கா என் பேர" என்றான்.

அதன் பிறகு சங்கம் வளர்ந்தது. கேக்குக்கு வராதவர்கள் சாவுக்கென்றதும் வந்தார்கள். கறுப்பையாவுக்கும் ஒரு வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயில் முற்றத்தில் நின்று, நேபாளத்துக்காரருக்கும் டைல்ஸ் பையன்களுக்கும் பந்தல் கட்டப் பழக்கினார்.

"சாவு வீட்டுக்குப் போனா வாயத் தொறக்கக் கூடாது. மொதல்ல கம்ப நடு. அழுறவங்க வெயில்ல நின்னு அழக் கூடாது. எப்பிடிச் செத்தாரு, எப்ப செத்தாருன்னு கத கேக்கிறதெல்லாம் பந்தலுக்குக் கீழ உக்காந்துதான். வெளங்குதா?"

"வெளங்குது, மாஸ்டர்."

உல்ரிக்குக்குத்தான் இது பிடிக்கவில்லை. "நட்புச் சங்கத்த எழவுச் சங்கமா ஆக்கிட்டீங்களே!" என்று ஒழுங்கையில் வைத்தே கேட்டார்.

"எழவுக்கு வராத நட்பு என்ன நட்பு, தொர?"

"தொர சொல்லாதீங்க."

"சரி தொர."

அவர் சிரிக்கவில்லை. நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பேர் குடுக்கிறது லேசுங்க. நாள் வந்தா யாரும் வர மாட்டாங்க. எங்க ஊர்லயே எனக்கு வர ஆளில்ல. இங்க யாரு? பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

அந்தச் சொல் சுந்தரியைப் பிடித்துக்கொண்டது. அதுதானே அவளுடைய பயமும். பெயர்கள் இருக்கின்றன, ஆள் வருமா?

கார்த்திகை மாதத்து மழைக் காலை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன கறுப்பையா, பாண் இல்லாமல் ஓடிவந்தார். முழங்கால் தேய்ந்தவர் ஓடிவந்ததைப் பார்த்தே சுந்தரி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"உல்ரிக் தொர போயிட்டாரு புள்ள! அம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க. தலையோட சேத்து மூடியிருக்கு. நான் எத்தன பொணம் பாத்தவன்!"

சுந்தரி மேலே ஓடினாள். கேட் சாத்தியிருந்தது. உள்ளே நாய்கள் ஊளையிட்டன. அவர் நம்பருக்கு அடித்தால், போன் வீட்டுக்குள்ளேயே கிடந்து அடித்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் போனில் சொன்னாள். யுமிகோவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்; ஓடிய அவசரத்தில் அவள் போன் அடுப்படியிலேயே கிடந்தது. "உடம்ப எப்ப தருவாங்கன்னு கேளுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அப்புறம் நடந்ததையெல்லாம் கறுப்பையாவின் பாடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். யாரும் கதை கேட்கவில்லை. நேபாளத்துக்காரர் வேலை உடுப்போடேயே வந்து கேட்டுக்கு முன்னால் கம்பு நட்டார். டைல்ஸ் பையன்கள் மழைக்குத் தறப்பாளைக் கூரையாக இழுத்துக் கட்டினார்கள். பஸ் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் வெள்ளைக்கொடி ஏறியது. அதைப் பார்த்துவிட்டு ஒழுங்கைச் சங்கத்தாரும், "பாவம், நல்ல மனுஷன்" என்று தங்கள் கதிரைகளைத் தூக்கிவந்தார்கள். பிலிப்பைன்ஸ் சிஸ்டர் இல்லத்துக் கிழவிகள் சிலரை வேனில் ஏற்றிவந்து செபமாலை தொடங்கிவிட்டார். யுமிகோவின் கெஸ்ட்ஹவுசிலிருந்து தூக்கிவந்த அடுப்பில் தேத்தண்ணீர் கொதித்தது. சுந்தரி அண்டாவும் கையுமாக அங்கும் இங்கும் நடந்தாள். அழ நேரமில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆளும் திரும்பி ஒழுங்கைக்குள் வரும்போது அவள் நெஞ்சு கொஞ்சம் லேசானது. வருகிறார்கள். மழையில் நனைந்துகொண்டு வருகிறார்கள். 'பாத்தீங்களா தொர' என்று மனசுக்குள் சொன்னாள்.

அப்போது ஓர் ஆட்டோ, கொடிகளுக்கு நடுவே மெல்ல மெல்ல ஏறி வந்து பந்தலுக்கு முன்னால் நின்றது.

முதலில் யுமிகோ இறங்கினாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்று எல்லாரும் எழும்பி நின்றார்கள். பின்னால், மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால் வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து உல்ரிக் வந்தார்.

செபமாலை நின்றது. கிழவி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

உல்ரிக் கொடியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், தன் வீட்டைப் பார்த்தார். "யாருங்க செத்தது?" என்று கேட்டார்.

எல்லாரும் கறுப்பையாவைப் பார்த்தார்கள். கறுப்பையா மெல்ல ஒரு கம்பத்துக்குப் பின்னால் போனார். கம்பம் ஒல்லி, அவர் அப்படியில்லை.

"படியில வழுக்கிட்டேன்" என்றார் உல்ரிக். "மழைன்னு அம்புலன்ஸ் பையன் அவன் மழைக்கோட்ட என் தலையில போத்திவிட்டான். தங்கமான பையன்."

சுந்தரிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. உயிரோடு இருக்கிற மனிதனுக்குச் சாவுப் பந்தல்! இத்தனை பாடுபட்டு எழுப்பிய சங்கத்தைத் தன் கையாலேயே சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாள்.

"மன்னிச்சிருங்க தொர. என் தப்புத்தான். விசாரிக்காம செஞ்சிட்டேன். நான் விலகிக்கிறேன். சங்கத்தக் கலச்சிட்டு அறையத் தையல் வகுப்புக்கே குடுத்துருங்க."

உல்ரிக் யுமிகோவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு பந்தலுக்குள் வந்து முன் கதிரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நேபாளத்துக்காரரின் வெள்ளைத் தொப்பி நனைந்து தொங்கியது. ஒழுங்கைச் சங்கத்துத் தலைவர் சேறு ஒட்டிய சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இவங்கல்லாம் எனக்காகவா வந்தாங்க?"

"வேற யாருக்கு? ஒங்க நாய்க்கா?" என்று கம்பத்துக்குப் பின்னாலிருந்து கறுப்பையாவின் குரல் வந்தது.

உல்ரிக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீதரன் வந்து சேர்ந்தான். பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டு, டவுனில் பெரிய மாலை ஒன்று வாங்கி, பஸ்ஸில் நசுங்காமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே வந்தவன். அழுதுகொண்டே உள்ளே நுழைந்தவன், செத்தவர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க சார்... உசுரோட இருக்கறீங்களா?"

"ஆமாங்க. வாங்க, உக்காருங்க. நான்தான் செத்தவன்."

ஸ்ரீதரனுக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. உல்ரிக் தலையைக் குனிந்து காட்டினார். அவன் போட்டுவிட்டான். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சிஸ்டரும் சிரித்தார், கிழவிகளும் சிரித்தார்கள், அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சுந்தரி மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அழுவாதீங்க்கா" என்றான் ஸ்ரீதரன். "ஒங்களுக்கும் இப்பிடித்தானுங்க வருவம். இதவிடப் பெரிய மாலையாக் கொண்டாருவன்."

"வாயக் கழுவுடா, எடுபட்டவனே!" என்று அண்டா மூடியை ஓங்கினாள் சுந்தரி. ஓங்கிய கை அவன் தலையைத் தடவிவிட்டு இறங்கியது.

கறுப்பையா இதுதான் சமயம் என்று வெளியே வந்து, முகப்பில் கட்டியிருந்த கொடியை அவிழ்க்கப் போனார். உல்ரிக் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருக்கட்டுங்க, மாஸ்டர். இன்னும் பஸ்ஸில வந்துக்கிட்டு இருக்கிற ஆள் இருப்பாங்கல்ல? கொடி இல்லாட்டி வீடு தெரியாம மழையில நிப்பாங்க."

"அப்ப இன்னொரு அண்டா தண்ணி வைக்கணும்" என்று சுந்தரி அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"வைங்க, தலைவி. சீனி மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க" என்றார் உல்ரிக், மாலையைச் சரிசெய்துகொண்டு. "என் சாவு வீடு. வந்தவங்க கொற சொல்லக் கூடாது."