மேனேஜரின் கோரைப்பல்

பல்செட்டுக்காரருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்த பல் கழன்று விழுந்தது என்று இதுவரை ஒரு ஆள் திரும்பி வந்ததில்லை. "ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் சிரிக்கிறாங்க, மீதிப் பேர் க்யூவுல நிக்கிறாங்க" என்று அவரே சொல்லிக்கொள்வார். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் முன்னறையில் அச்சு வார்த்து, பல் அடுக்கி, ராவி, பளபளப்பாக்கிக் கொடுப்பார். நாற்பது வருஷமாக அதே மேசை, அதே ஸ்டூல்.

பின்னறை அவருடைய அக்காவுடையது. கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று, ஆபீசில் டைப் அடித்தே தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கினவள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குளியலறையில் விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "இல்ல." தண்ணி வேணுமா என்றால் "இல்ல". வேண்டாமா என்றாலும் "இல்ல". அதனால் அவள் வாயை விட்டுவிட்டு இடது கையைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார் தம்பி. அதிலும் அவருக்குக் கர்வம்தான். "எங்க அக்கா விரலை அசைச்சா போதும், எனக்குத் தெரிஞ்சுடும்" என்பார்.

அந்த இடது கைக்கு நாள் முழுக்க வேலை கொடுத்தவன் மேனேஜர். சாம்பல் நிறக் கடுவன் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருந்ததால், அக்கா பேச்சோடு இருந்த காலத்தில், தன் பழைய ஆபீசை நினைத்து வைத்த பேர். அக்கா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவன் அவள் நெஞ்சை விட்டு இறங்குவதே அபூர்வம். அவன் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கை கால் பயிற்சிக்கு வரும் நர்ஸ் ஒருமுறை பல்செட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்தப் பூனையை நல்லா பாத்துக்கங்க. அந்தம்மா அதுக்காகத்தான் இருக்காங்க" என்று சொன்னாள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் உண்மை அதுதான் என்று அவருக்கும் தெரியும்.

அந்த மேனேஜர் ஒரு நாள் காலையில் புறாவைப் பார்த்து ஜன்னலிலிருந்து பாய்ந்தான். புறா பறந்துவிட்டது. இவன் தாடை கம்பியில் மோதி, மேல் வரிசை இடது கோரைப்பல் பாதியில் உடைந்தது.

உடைந்த இடத்தின் நடுவில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. பல்செட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளா அவர்? நாற்பது வருஷமாகப் பல்லோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு ஒரு பூனைப்பல் பெரிய விஷயமா? மேனேஜரைத் துண்டில் சுற்றி அக்கா மடியில் வைத்தார். அக்கா இடது கையால் அணைத்துக்கொண்டாள். அவள் கை பட்டதால் அவனும் அசையாமல் கிடந்தான். சின்னதாக, கூராக, மற்ற பல்லின் நிறத்துக்கே ஒரு உறை செய்து ஒட்டிவிட்டார். எது அசல், எது போலி என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு வேலைப்பாடு!

எதிர்வீட்டு டெய்லர் வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தார். "அடேங்கப்பா! அடுத்து பல்லிக்கும் போட்டுவிடுவீங்களா?" என்று கிண்டல் செய்தார். பல்செட்டுக்காரர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அக்கா கையைக் காட்ட ஆரம்பித்தாள். இடது கையைத் தூக்கித் தன் இடது கன்னத்தில் வைத்தாள். வைத்து வைத்து எடுத்தாள்.

"நான் போட்டுவிட்ட பல்செட் உறுத்துதாக்கா?"

"இல்ல."

அந்த "இல்ல"வைத்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லையே. வாயைத் திறக்கச் சொன்னார். பல்செட் போட்ட எந்த ஈறில்தான் ஒரு சிவப்புத் தடம் இருக்காது? இருந்தது. கழற்றிக் கொண்டுபோய், அந்த இடத்தைப் பொறுமையாக ராவி, மெருகு போட்டு, கழுவி மாட்டிவிட்டார். மறுநாளும் அக்கா கன்னத்தைத் தொட்டாள். மறுபடி ராவினார். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். பல்செட் தளர்ந்து, பேச்சில்லாத அந்த வாயில் ஆடத் தொடங்கியது.

ஒரு சாயங்காலம் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்தாள். அங்கேதான் மேனேஜர் படுத்திருந்தான். அவர் கை அவன் முகத்துக்குக் கிட்டே வந்ததும் சட்டென்று குதித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். "நெஞ்சு எரியுதா?" என்று கேட்டு இரண்டு ஸ்பூன் மருந்து கொடுத்தார் தம்பி. அக்கா அதைத் துப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இல்ல, இல்ல, இல்ல" என்று கத்தினாள். பாவி மனுஷன், அக்காவுக்கு வலி தாங்கவில்லை என்று நினைத்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அக்கா மேல் அவருக்கு உயிர். வந்த வேலையையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அவளுக்குப் புதிதாகவே ஒரு செட் செய்ய உட்கார்ந்தார். பத்து நாள் அதிலேயே மூழ்கிக் கிடந்தார். மேனேஜர் தட்டில் மீன் மிச்சம் கிடந்ததைப் பார்த்தார். அக்கா சாப்பிடாததால் அவனும் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டார். உண்மை அதற்கு நேர் தலைகீழ்.

புதுச் செட்டைக் கொண்டுபோன காலையில் அக்காவின் போர்வையில் சீழ். அறையெங்கும் நாற்றம். பதறிப்போய் அவள் வாயைத் திறந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. அப்போதுதான் மேனேஜர் தலையைத் தூக்கினான். இடது கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி உடைந்திருந்தது. அக்கா பூனையின் கன்னத்துக்கு மேல் விரலை நீட்டினாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டாள். மேனேஜரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார் தம்பி.

கால்நடை டாக்டரம்மா உறையைக் கழற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. "யாரு சார் இதை ஒட்டினது?"

"நான்தாம்மா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அந்தச் சிவப்புப் புள்ளி உயிருள்ள நரம்பு சார். அன்னிக்கே பல்லைப் பிடுங்கியிருந்தா ரெண்டு நாள்ல தேறியிருக்கும். சுமாரா ஒட்டியிருந்தாக்கூட உறை தானா விழுந்து, சீழ் வெளிய வந்திருக்கும். நீங்க ரொம்ப நல்லா செஞ்சிட்டீங்க. எல்லாம் உள்ளேயே தங்கி ரத்தத்துல கலந்துடுச்சு."

ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் மேனேஜர் செத்துப்போனான். பல்செட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். மனசு வரவில்லை.

"அக்கா, மேனேஜர் போயிட்டான். என்னாலதான். நீ பதினஞ்சு நாளா சொன்ன. நான் உன் கையைப் பாக்கலக்கா, என் வேலையைத்தான் பாத்தேன். எனக்கு எல்லாம் புரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அக்கா திட்டினால் தேவலை, அடித்தால் தேவலை என்று தலையைக் குனிந்தபடி இருந்தார். அவளிடமிருந்து அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் தொந்தரவே கொடுக்கவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் வாங்கினாள். புரட்டினால் புரண்டாள். புதுச் செட் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. "நல்லா அமைதியாயிட்டாங்களே!" என்றார் டெய்லர்.

ஒரு மத்தியானம் தம்பி உள்ளே வந்தபோது அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. போர்வையும் நனைந்து கிடந்தது. எத்தனை நேரமாகவோ! முன்பெல்லாம் கட்டிலை ஒரு தட்டுத் தட்டினால் முன்னறைக்குக் கேட்கும். அவர் காலையிலிருந்து அங்கேதான் இருந்தார்.

துடைத்து, துணி மாற்றி, தண்ணீர் புகட்டினார். "ஏன்க்கா, ஒரு தட்டு தட்டியிருக்கலாமே? கையைக் காட்டியிருக்கலாமே?"

இடது கை போர்வை மேல் கிடந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை, நல்ல கைதான். அதைத் தூக்கித் தன் முகத்தருகில் வைத்துக்கொண்டார்.

"எங்க வலிக்குது, சொல்லுக்கா. சத்தியமா இந்தத் தடவை பாக்கறேன்."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிடியை விட்டதும் அந்தக் கை போர்வை மேல் விழுந்து, விழுந்தபடியே கிடந்தது.